தாழி, வயது இருபத்தாறு

வயது என்ற கட்டத்தில் இரண்டாயிரத்து ஐந்நூறு என்று எழுதியதில் என்ன தப்பு. கேட்டிருந்தார்கள், எழுதினேன். சுமார் என்றுகூடப் பக்கத்தில் போட்டேன். அதற்குப் போய் வரவேற்பு மேசையில் இருக்கும் அந்த ரோஸ்லின் என்னை ஏற இறங்கப் பார்த்து, "மேடம், சிஸ்டம் மூணு நம்பருக்கு மேல எடுக்காது, பேஷண்டுக்கு நெசமா என்ன வயசு?" என்றாள். நிஜமான வயது என்றால் இறந்தபோது இருந்த வயதுதான், அதற்கு மேல் யாருக்கும் ஏறுவதில்லை, இடுப்பெலும்பைப் பார்த்தால் இருபத்தைந்துக்குக் குறையாது, இருபத்தெட்டைத் தாண்டாது, இருபத்தாறு என்று போடும்மா என்றேன். பெயர்? தாழி பதினேழு. "பதினேழு இனிஷியலா மேடம்?" இனிஷியல் கிடையாது, அப்பா பெயர் தெரியாது என்றேன். அவள் முகத்தில் ஓர் இரக்கம் வந்து போனது, தாழி என்று மட்டும் தட்டிக்கொண்டாள். தாழி, பெண், இருபத்தாறு. டோக்கன் இருபத்து மூன்று. இப்போது உள்ளே போயிருப்பது பதினாறு. மணி பதினொன்று இருபது. நான்கு மணிக்கு எங்கள் அகழாய்வு அறிக்கை அச்சுக்குப் போகிறது, அதில் நாற்பத்தோராம் பக்கத்தில் இவளைப் பற்றி ஒரே ஒரு வரி இருக்கிறது, அந்த வரி பொய். பொய் என்று எனக்குத் தெரியும். தெரியும் என்று சொல்லாதே வடிவு, நம்புகிறேன் என்று சொல், தெரியும் தெரியும் என்று சொல்லித்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் மானம் கப்பலேறியது. பெட்டி மடியில் இருக்கிறது. அக்கா மகனுக்கு வாங்கிய பிளாஸ்டிக் கிரிக்கெட் மட்டை வந்த பெட்டி, ஒரு தொடை எலும்பு கச்சிதமாக அடங்குகிறது, அடியில் பஞ்சு, மேலே பஞ்சு. மூடியில் ஒரு பையன் சிக்சர் அடித்துக்கொண்டிருக்கிறான். இந்த ஸ்கேன் சென்டரில் உட்கார்ந்திருக்கும் முப்பது பேரும் அவனையே பார்ப்பதுபோல் இருக்கிறது. பார்க்கட்டும். ஏசி காற்று நேராக என் கழுத்தில் இறங்குகிறது, பினாயில் வாசனை, டிவியில் சத்தமில்லாமல் யாரோ யாரையோ அறைகிறார்கள். பதினாறாம் நம்பர் இன்னும் வெளியே வரவில்லை.

இவளை ஆற்றங்கரை மேட்டில் எடுத்தது மாசி மாதம். செத்தவர்களின் எலும்புகளைப் பெரிய மண்தாழியில் இறக்கிப் புதைத்த காலம், தாழிக்குள் கூட ஒரு கிண்ணம், கொஞ்சம் நெல் உமி, நூல் நூற்கும் தக்களியின் மண்வட்டு இரண்டு. தோண்டுகிறவர்களுக்கெல்லாம் ஒரு பாசிமணி கிடைத்தால் போதும், பானையில் நாலு எழுத்துக் கீறல் இருந்தால் போதும், போட்டோவும் பேட்டியும் பறக்கும். எனக்கு எலும்புதான். இவர்கள் எதைத் தின்றார்கள், எது கிடைக்காமல் போயிற்று, எந்த நோயோடு காலம் தள்ளினார்கள் என்று எலும்பைப் பார்த்துச் சொல்வது என் வேலை. இவளுடைய இரண்டு தொடை எலும்புகளும் வெளிப்பக்கமாக வளைந்திருந்தன. பார்த்த மாத்திரத்தில் குறிப்பேட்டை எடுத்துவிட்டேன். குழந்தையில் வைட்டமின் டி போதாமல் எலும்பு இளகி, நடக்கத் தொடங்கியதும் உடம்பின் கனம் தாங்காமல் வளைந்து, அப்படியே இறுகிப்போன கால். ரிக்கெட்ஸ். எங்கள் குழுவுக்குத் தலைவர் கனகசபாபதி சார், அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி எலும்பைப் பார்த்தார், தாழியைப் பார்த்தார், பிறகு வெளியே பார்த்தார். வெளியே மாசியிலேயே மண் பொரிந்துகொண்டிருந்தது. "வடிவு, இந்த வெயில்லயா?" என்றார். அவ்வளவுதான், சுற்றி நின்ற எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வைட்டமின் டி வெயிலில் உடம்பே செய்துகொள்வது, இந்தச் சீமையில் வெயிலுக்கா பஞ்சம் என்கிறார் சார். இவர் மட்டுமா, போன வருஷம் எனக்கே ரத்தத்தில் அது குறைவு என்று டாக்டர் சொன்னபோது நானும் இதையேதான் கேட்டேன், இந்த வெயில்லயா டாக்டர் என்று. ஞாயிற்றுக்கிழமைதோறும் பாலில் ஒரு பொடியைக் கலக்கிக் குடித்துக்கொண்டிருக்கிறேன், அதை சாரிடம் சொல்லவில்லை. சொன்னால் எலும்புக்காரிக்கே எலும்பு சரியில்லை என்று அதற்கும் ஒரு சிரிப்பு சிரிப்பார்கள்.

சார் சொன்னதில் அர்த்தம் இல்லாமல் இல்லை, அதுதான் உறுத்துகிறது. தாழியின் வயிறு உருண்டை. எலும்பு அந்த உருண்டைச் சுவரில் சாய்ந்து கிடந்தது. மேலே இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்து ஈரமண், எலும்பு ஊறி, மெதுவாக இறங்கி, சுவரின் வளைவை எலும்பும் வாங்கிக்கொண்டது என்கிறார். அப்படி நடப்பது உண்டு. 'மண் அழுத்தத்தால் உருமாறிய எலும்பு' என்று எழுதிவிட்டார், அதுதான் நாற்பத்தோராம் பக்கம். நான் எதிர்த்துப் பேசலாம், ஆனால் என் வாயை அடைக்க அவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை போதும், பசை. மூன்று வருஷத்துக்கு முன் வேறு ஒரு மேட்டில் கிடைத்த தொடை எலும்பு நாலு துண்டாக வந்தது, நான்தான் உட்கார்ந்து ஒட்டினேன். முதல் ஒட்டில் ஒரு நூலளவு சாய்ந்தது, அடுத்த ஒட்டு அதே பக்கம் இன்னொரு நூலளவு, மூன்றாவதும் அதே பக்கம். ஆறு மாதம் கழித்து அதே எலும்பை மேசையில் வைத்துப் பார்க்கிறேன், அடடா என்ன ஒரு வளைவு, ரிக்கெட்ஸ் என்று கட்டுரை எழுதி, கருத்தரங்கில் படமும் போட்டுக் காட்டினேன். பின்வரிசையில் ஒருத்தர் மெல்ல எழுந்து, "அம்மா, வளைவு எலும்புல இல்ல, ஒட்டுல இருக்கு" என்றார். என் கையால் நானே உண்டாக்கிய நோய். அன்றையிலிருந்து நான் பசை மேடம். காபி குடிக்கும்போதுகூட, பசை மேடத்துக்கு ஒரு டம்ளர் என்பார்கள், நானும் சிரித்து வைப்பேன். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறேன், சும்மா சொல்வானேன். ஆனால் இவள், இந்தப் பதினேழு, ஒரு கீறல்கூட இல்லாமல் முழுசாக வந்தவள். ஒரு சொட்டுப் பசை இவள் மேல் பட்டதில்லை, பட விடவில்லை, மூங்கில் குச்சியாலும் பூனைமயிர் தூரிகையாலும் நானே மண்ணை எடுத்தேன். மண் அழுத்தி வளைந்த எலும்பு என்றால் அதன் சுவர் இரண்டு பக்கமும் ஒரே தடிமனாக இருக்கும், செத்த எலும்புக்கு எதையும் மாற்றிக்கொள்ளத் தெரியாது. உயிரோடு இருக்கும்போது வளைந்தது என்றால், அந்தக் காலில் நின்று நடக்க நடக்க, உடம்பு வளைவின் உட்பக்கத்தில் எலும்பைக் கூடுதலாக வைத்துக் கனப்படுத்திக்கொண்டே போகும். முட்டுக்கொடுப்பது மாதிரி. வெளியே தெரியாது, எக்ஸ்ரேயில் தெரியும். எங்களுக்கு எக்ஸ்ரே எடுத்துத் தர வேண்டிய மருத்துவத் துறையில் மெஷின் ரிப்பேர், சரிசெய்யச் சொன்ன கடிதம் மூன்று மாதமாக மேசை மேசையாக ஊர்வலம் போகிறது, கடைசியில் நேற்று சார், "சரி வடிவு, நாளைக்கு நாலு மணிக்குள்ள படம் காட்டு, வரிய எடுத்துடறேன், இல்லன்னா அப்படியே போகட்டும்" என்றார். அப்படியே போனால் எலும்பு பெட்டிக்குள் போய் முத்திரை விழும், அதற்கப்புறம் யார் திறக்கப் போகிறார்கள். எலும்புக்குள் மண் புகுந்திருந்தால்? மண்ணும் படத்தில் வெள்ளையாகத்தானே விழும், வெள்ளை எல்லாம் எலும்பு என்று நான் மறுபடி துள்ளிக் குதித்தால்? பசை மேடம் போய் மண் மேடம் ஆவேன். பதினெட்டு உள்ளே போகிறது.

பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தவளுக்கு முப்பதுகூட இருக்காது, இடுப்பில் ஒரு பெண் குழந்தை, இரண்டரை வயது இருக்கும், இடுப்பில் வைத்திருக்கிற வயது இல்லை அது. அவள் உட்கார்ந்தும் குழந்தையை இறக்கவில்லை, மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். விரல் நுனிகள் பழுப்பாக இருந்தன, புகையிலை வாசனை லேசாக வந்தது, பீடி சுற்றுகிறவள். "எக்கா, ஒங்களுக்கு எத்தனாம் நம்பர்?" இருபத்து மூன்று. "எனக்கு இருவத்தி நாலு. ஒங்களுக்கு எங்க வலி?" எனக்கு இல்லை, வேற ஒரு பொண்ணுக்கு என்றேன். "அவிய வரலையா?" வந்திருக்கா என்று பெட்டியைத் தட்டினேன், தட்டிய பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவள் பேயைப் பார்த்ததுபோல் எழுந்துவிடுவாள் என்று பயந்தேன், விளக்கிச் சொன்னேன், ரொம்பப் பழைய எலும்பு, கவர்மெண்ட் ஆராய்ச்சி, காலு வளைஞ்சிருக்கு, ஏன்னு பாக்கணும். அவள் எழுந்திரிக்கவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "காலு வளைஞ்சா?" என்றாள். அப்போதுதான் நான் குழந்தையை ஒழுங்காகப் பார்த்தேன், மணிக்கட்டு கொஞ்சம் தடித்து, முழங்கால்கள் சேராமல் நடுவில் ஒரு கைப்பிடி இடைவெளி, செத்த எலும்பைப் பார்த்தால் பட்டென்று சொல்லிவிடும் வாய் உயிருள்ள காலைப் பார்த்து ஒட்டிக்கொண்டது. சொல்லாதே, நீ டாக்டர் இல்லை, நீ பசை மேடம். அவள் பெயர் இசக்கியம்மாள், குழந்தை தர்ஷினி. அவளே சொன்னாள். "எங்க மாமியா சொல்லுதாவ, நான் இடுப்புலயே வச்சு வச்சுத்தான் இவ காலு வளைஞ்சு போச்சாம். நான் அமுக்கிட்டனாம். ஊரே அதத்தான் பேசுது. கீழ விட்டா நடக்கா, ஆனா ஆடி ஆடி நடக்கா, பாக்கவிய சிரிக்காவ, அதனால நான் விடுததில்ல." எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. மாமியாரும் சாரும் ஒரே கட்சி. ஒருத்தருக்கு இடுப்பு அழுத்தியது, இன்னொருத்தருக்கு மண் அழுத்தியது, உள்ளே என்ன குறைந்தது என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. "டாக்டர் என்ன சொன்னார்?" என்றேன். "வெயிலு சத்து கம்மியாம். டானிக் எழுதிக் குடுத்துருக்காவ, போட்டா எடுத்துட்டு வரச் சொன்னாவ. நான் கேட்டேன் எக்கா, நம்ம ஊருலயா வெயிலு கம்மின்னு."

இந்த வெயில்லயா. மூன்றாவது ஆள். நான் சிரித்துவிட்டேன், அவள் முகம் வாடியது, உன்னப் பாத்துச் சிரிக்கல தாயி என்று கையைப் பிடித்துக்கொண்டேன். வாசலில் போய் உட்கார்ந்து பீடி சுற்றினால் என்ன, பிள்ளையும் பக்கத்தில் விளையாடுமே என்று சும்மாதான் கேட்டேன், பேச்சை வளர்க்க. அவள் என்னை ஒன்றும் தெரியாத டவுன்காரியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். "வெயில்லயா? எல காஞ்சிரும்லா. ஈரத்துணியில சுத்தி வச்சுதான் வெட்டணும், ஒரு காத்து பட்டாப் போதும், நொறுங்கிரும். கதவ சாத்தி ஃபேனக்கூட போடாமத்தான் இருப்போம். இவள பக்கத்துலயே தொட்டில்ல போட்டுருப்பேன், மூணு மாசத்துலேந்து. அழுதா கால்பெருவெரல்ல கயித்த மாட்டி ஆட்டிக்கிடுவேன், கை வேலைய விட முடியாதுல்லா." எனக்கு உச்சந்தலை சில்லென்றது. ஏசி இல்லை. இலை காய்ந்துவிடும். நூலும் காய்ந்தால் அறுந்துவிடும். தாழிக்குள் தக்களி வட்டு இரண்டு. பருத்தி நூல் வெயிலில் அறும், ஈரம் இருக்கிற இருட்டு வீட்டுக்குள் உட்கார்ந்துதான் நூற்பார்கள், நெய்வார்கள், பக்கத்தில் ஒரு பிள்ளை கிடக்கும், வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும், பிள்ளை மேல் ஒரு பொட்டு வெயில் படாது. சார், உங்கள் வெயில் வாசலோடு நின்றுவிடும் சார், வேலை செய்கிறவள் வீட்டுக்குள் வராது சார். இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று போனை எடுத்துவிட்டேன். போடாதே. பொறு. இது உனக்குப் பிடித்திருக்கிறது, பிடித்திருப்பதாலேயே சந்தேகப்படு, அந்த வளைவும் உனக்குப் பிடித்துத்தான் இருந்தது, பசை உலர உலர. தக்களி அவளுடைய அம்மாவுடையதா, அவளுடையதா, சும்மா சடங்குக்கு வைத்ததா, உனக்கு என்ன தெரியும். படத்தில் சுவர் இரண்டு பக்கமும் ஒரே தடிமனாக இருந்தால் இந்தக் கதை முழுக்கக் குப்பைக்குத்தான். இருபத்தொன்று. இருபத்திரண்டு. தர்ஷினி பெட்டியின் மேல் சிக்சர் அடிக்கிற பையனை விரலால் தடவிக்கொண்டிருக்கிறாள்.

"தாழி! தாழி யாரு? தாழி இருக்காங்களா?" ரோஸ்லின் எல்லோர் தலைக்கும் மேலாகக் கூப்பிட்டாள். எத்தனை காலம் கழித்து இவளை ஒருத்தர் வா என்று அழைக்கிறார், ஒரு பெயர் சொல்லி, வரிசைப்படி, மற்ற நோயாளிகளைப்போல. இருக்காங்க என்று நான் பெட்டியை அணைத்துக்கொண்டு எழுந்தேன். உள்ளே டெக்னீஷியன் மைதீன், நேற்றே போனில் விஷயத்தைச் சொல்லி வைத்திருந்தேன், அவர் கையுறை மாட்டிக்கொண்டு ரெடியாக நின்றார். நான் எலும்பை எடுத்துப் பலகையில் வைத்தேன், இரண்டு கையாலும். அவர் பழக்க தோஷத்தில், "அசையாம இருங்கம்மா, மூச்ச இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நான்தான் பிடித்துக்கொண்டேன் மூச்சை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, சுவரில் ஒட்டியிருந்த 'கர்ப்பிணிகள் கவனத்துக்கு' என்ற எழுத்துகளை மூன்று தடவை வாசித்தேன், ஒரு வார்த்தையும் ஏறவில்லை. முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. டக் என்ற சத்தம். அப்புறம் இன்னொரு டக். திரை கறுப்பாக இருந்தது. சாம்பல் ஆயிற்று. நான் கண்ணை மூடிவிட்டேன், கோழை, நாற்பத்தொரு வயதுக் கோழை, ரிசல்ட் ஒட்டிய பலகைக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் இப்படித்தான் நின்றேன், அப்போது பாஸ், கருத்தரங்கில் ஃபெயில், இப்போது என்ன, திற, திறடி கண்ணை. மைதீன்தான் முதலில் பேசினார். "மேடம், இவங்க நல்லா நடந்திருக்காங்க போலயே."

திறந்தேன். வளைவின் வெளிப்பக்கச் சுவர் ஒரு மெல்லிய கோடு. உட்பக்கச் சுவர் அதைப்போல இரண்டு மடங்கு, இல்லை, கூடவே இருக்கும், வெள்ளையாக, அழுத்தமாக, வளைவு எங்கே அதிகமோ சரியாக அங்கே வயிறு வைத்து, மேலும் கீழும் சீராக ஒடுங்கி. மண்ணா? மண் என்றால் புள்ளி புள்ளியாக, கண்டபடி கிடக்கும், நடுக்குழிக்குள் அடியில் கொஞ்சம் கிடக்கவும் செய்கிறது, அது வேறு, இது வேறு. பெரிதாக்குங்க என்றேன். ஓரம் வழவழப்பு. நெடுக எலும்பின் இழை ஓடுகிறது. பக்கவாட்டுப் படம்? அதிலும் அதேதான். ஒட்டு உண்டா, விரிசல் உண்டா? மேலிருந்து கீழ்வரை விரலால் திரையைத் தடவிப் பார்த்தேன், எங்கேயும் இல்லை. ஐயோ நான் ஜெயித்துவிட்டேன். நான் ஜெயித்துவிட்டேன் என்று வாய்விட்டே சொன்னேன் போலிருக்கிறது, மைதீன் சிரித்துக்கொண்டு, "மாஷா அல்லாஹ்" என்றார். ஆனால் அந்த நொடி தாண்டியதும் எனக்கு வெட்கமாகப் போயிற்று. நான் என்ன ஜெயித்தேன், ஒரு டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தேன். ஜெயித்தவள் பலகை மேல் கிடக்கிறாள். கால் வளைந்துவிட்டது என்று இவள் உட்கார்ந்துவிடவில்லை. நின்றாள், தண்ணீர் எடுத்தாள், நூல் நூற்றாள், யாரையாவது தூக்கிச் சுமந்தாளோ என்னவோ, ஒவ்வோர் அடிக்கும் உடம்பு ஒரு துளி எலும்பை எடுத்துத் தாங்க வேண்டிய இடத்தில் வைத்தது, இருபது வருஷத்துக்கு மேல் வைத்துக்கொண்டே இருந்தது. எப்படிச் செத்தாள், இந்தப் படம் சொல்லாது. எப்படி நின்றாள் என்று சொல்கிறது. சாருக்குப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், இரண்டு நீலக் கோடு விழுந்தது, போன் வரவில்லை, வரவில்லை, வந்தது. "வடிவு, பெரிசு பண்ணிப் பாத்தேன்" என்றார். "ஆனா இந்த வெயில்ல எப்படி?" எப்படி என்று எனக்கு ஒரு யோசனை இருக்கு சார், அத நிரூபிக்க இன்னும் பத்து தாழி பாக்கணும், இப்ப தெரிஞ்சது ஒண்ணுதான், வளைஞ்சது உசுரோட இருக்கும்போது என்றேன். குரல் உடையவில்லை, எனக்கே ஆச்சரியம். "சரி. என் வரிய எடுத்துடறேன். அந்த எடத்துல என்ன போடணுமோ நீயே எழுதி அனுப்பு" என்றார், வைக்கப் போனவர், "நல்லா வேல செஞ்சிருக்கம்மா" என்றார். பசை என்று ஒரு வார்த்தை வரவில்லை. மணி ஒன்று பத்து.

வெளியே வந்தால் இசக்கியம்மாள் அதே இடத்தில், எனக்காகவே காத்திருந்ததுபோல், இருபத்து நான்கைக் கூப்பிட இன்னும் நேரமிருந்தது. "எக்கா, அந்தப் பிள்ளைக்கு என்ன சொன்னாவ?" போனில் படத்தைக் காட்டினேன். இங்க பாரு, இது மெலிசு, இது தடிமன், இந்தக் காலோடயே இருபத்தாறு வயசு வரைக்கும் நடந்திருக்கா, உக்காந்தே இருந்திருந்தா இந்த எலும்பு இப்படி வராது. அவள் போனைக் கையில் வாங்கி முகத்தருகே வைத்துப் பார்த்தாள். "டானிக் குடிச்சாளா?" அப்ப டானிக்கே கெடையாது. "யாரும் அமுக்குனதால வளையலையே?" இல்ல, யாரும் அமுக்கல, வெயில் சத்து கெடைக்கல, அவ்வளவுதான், ஒம் பொண்ணுக்குக் கெடைக்கும், டாக்டர் சொன்னத விடாம குடு. இது நான் சொல்லலாமா கூடாதா என்று யோசிப்பதற்குள் சொல்லிவிட்டேன், பசை மேடம் சொல்லவில்லை, நான் சொன்னேன். "அந்தக் காலத்துலயும் ஊருல ஒரு பேச்சு பேசியிருப்பாவ" என்றாள் இசக்கியம்மாள். பேசியிருப்பாங்க. "அவ நடந்திருக்கா." நடந்திருக்கா. அவள் போனைத் திருப்பித் தந்தாள். மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு மடியிலிருந்த குழந்தையைத் தூக்கி, அத்தனை பேர் நடுவில், பளபளத்த அந்தத் தரையில் இறக்கி விட்டாள். தர்ஷினி ஒரு நொடி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள், நிஜமாகவா என்பதுபோல். பிறகு ஆடி ஆடி, இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து, நாற்காலி வரிசையைத் தாண்டி, ரோஸ்லின் மேசையைத் தாண்டி, திறந்து கிடந்த வாசல் வழியாகப் படியில் விழுந்த வெயிலுக்குள் போய் நின்று, அங்கேயே குதிக்கத் தொடங்கினாள். "ஏட்டி தர்ஷினி, செருப்பு போடலையே, சுடும்லா!" என்று இசக்கியம்மாள் சிரித்துக்கொண்டே கத்தினாள். தர்ஷினி காதில் வாங்கவே இல்லை.